ஜாலியா ஓட்ட ஒரு பழைய கார்: விலையை விடுங்க, மாசம் எவ்வளவு ஆகும்?

கார் லோன் வீடியோ போட்டதிலிருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது. "சார், ஆபீஸ் போய் வர மட்டும் கார் வேண்டாம். ஓட்டினா மனசுக்கு சந்தோஷமா இருக்கணும். ஏலகிரி, வால்பாறைன்னு ஏறினா திணறக் கூடாது. பட்ஜெட் 5 லட்சத்துக்குள்ள. பழைய கார் வாங்கலாமா, இல்ல கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுப் புதுசே போயிடலாமா?"

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்ல. அதனால எந்த காருக்கு எந்த ஆயில்னு இங்க சொல்லப் போறதில்ல. ஆனா இந்தக் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல கணக்குலதான் இருக்கு. அதுவும் நம்மில் பலர் போடாத கணக்கு.

கார் வாங்கும்போது நாம கேட்கிறது ரெண்டே கேள்வி: விலை என்ன, இஎம்ஐ எவ்வளவு. ரெண்டுமே செலவு இல்ல. 4.25 லட்சத்துக்கு வாங்கின காரை 4 வருஷம் கழிச்சு 2.25 லட்சத்துக்கு வித்தா, உங்க செலவு 2 லட்சம்தான். இஎம்ஐயில் அசலும் வட்டியும் கலந்திருக்கு, அதில் வட்டி மட்டும்தான் செலவு. இதோட இன்ஷூரன்ஸ், மெயின்டனன்ஸ், பெட்ரோல். கடைசியா, எஃப்டியில் இருந்து எடுத்துப் போட்ட பணத்துக்கு வந்திருக்க வேண்டிய வட்டி. இந்தக் கடைசி ஐட்டத்தை யாருமே எழுத மாட்டாங்க.

இப்போ ரெண்டு கார் எடுத்துக்குவோம். எண்கள் என் ஷீட்ல போட்ட அனுமானங்கள். உங்க ஊர் விலைக்கு ஏத்தபடி மாத்திக்கோங்க.

முதல்ல புது கார். ஆன்ரோடு 9.5 லட்சம். கையிலிருந்து 1.5 லட்சம், மீதி 8 லட்சம் 9 சதவீத வட்டியில் 7 வருஷ லோன். இஎம்ஐ 12,871 ரூபாய். 4 வருஷம் கழிச்சு 5.5 லட்சத்துக்கு விற்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். மதிப்பு குறைஞ்சது 4 லட்சம், அதாவது மாசம் 8,333. முதல் 48 மாசத்தில் கட்டின வட்டி மட்டும் சுமார் 2.22 லட்சம், மாசம் 4,637. இன்ஷூரன்ஸ் சராசரி 1,500, சர்வீஸ் 1,000. பெட்ரோல் இல்லாம மொத்தம் 15,470 ரூபாய்.

அடுத்து 6, 7 வருஷம் ஆன பழைய கார். விலை 4.25 லட்சம். வாங்கின உடனே செய்ய வேண்டிய வேலைக்கு 35,000. 2 லட்சம் மட்டும் 13 சதவீதத்தில் 3 வருஷ லோன், மீதி 2.6 லட்சம் கையிலிருந்து. 4 வருஷம் கழிச்சு 2.25 லட்சத்துக்கு விற்பனை. மதிப்புக் குறைவு மாசம் 4,167. லோன் வட்டி மொத்தம் 42,600, அதை 48 மாசத்துக்குப் பிரிச்சா 887. அந்த முதல் வேலைச் செலவு 729. இன்ஷூரன்ஸ் 750. மெயின்டனன்ஸ் 3,000. புது காரை விட 1.1 லட்சம் அதிகமா கைப்பணம் போட்டிருக்கோம், அதுக்கு 6.5 சதவீத எஃப்டி வட்டி மாசம் சுமார் 600. மொத்தம் 10,133.

வித்தியாசம் மாசம் 5,337. 48 மாசத்துக்குச் சுமார் 2.56 லட்சம்.

இந்த 2.56 லட்சத்தைப் பார்த்துட்டு "ஆஹா, லாபம்"னு நினைச்சா அங்கதான் மாட்டுவோம். இது லாபம் இல்ல. வாரண்டி இல்லாத ஒரு பொருளின் ரிஸ்க்கை நீங்க தலையில் ஏத்திக்கிறதுக்கான கூலி. 4 வருஷத்தில் ஒரு பெரிய பில் வந்தா இதில் பாதி காலி. ரெண்டு வந்தா புது காரே வாங்கியிருக்கலாம். அதனால எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் நான் கேட்கச் சொல்ற முதல் கேள்வி, "இந்த காரில் வரக்கூடிய மோசமான பில் எவ்வளவு?" மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் அதுக்கு அப்புறம்.

எந்த கார்ல என்ன ரிஸ்க்

ஓட்ட ஜாலியா இருக்கணும்னா அதிக குதிரைத்திறன் வேணும்னு அவசியம் இல்ல. எடை கம்மியா, கியர் சரியா விழற மாதிரி, வளைவில் சாயாம போகிற மாதிரி இருந்தாலே போதும். 2018ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல் மேனுவல் இதுக்கு நல்ல உதாரணம். 83 பிஎஸ்தான், ஆனா எடை 900 கிலோவுக்கும் குறைவு. என்ஜின்ல டைமிங் செயின், பெல்ட் இல்ல. டர்போ கிடையாது. எந்த ஊர் ஷெட்டுலயும் கை வைக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கார், ஸ்பேர் அன்னைக்கே கிடைக்கும். மோசமான பில் வந்தாலும் தாங்கக்கூடியது. குறைன்னு பார்த்தா விலைதான். எல்லாருக்கும் இது தெரியும், அதனால பழைய ஸ்விஃப்ட் விலை இறங்கவே மாட்டேங்குது. ஆனா நீங்க விற்கும்போதும் அதே விலை உங்களுக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது 2015ல் வந்த ஃபோர்டு ஃபிகோவின் 1.5 டீசல். 100 பிஎஸ், 215 என்எம் டார்க். இந்த சைஸ் காரில் அது அதிகம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரியும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதா அறிவிச்சது. வாங்கறவங்களுக்கு அந்த பயம் இருக்கிறதால பேரம் பேச நல்ல இடம் கிடைக்கும். சர்வீஸ் பொருள்கள் கிடைக்கிறது பெரிய பிரச்சினை இல்ல. இடிச்சுட்டா ஹெட்லைட், பம்பர், கதவு மாதிரி பாடி பார்ட்ஸ்க்குக் காத்திருக்க வேண்டி வரலாம். டீசல்ங்கறதால டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் மூணுமே செலவான அயிட்டம். இதில் டைமிங் பெல்ட் உண்டு. மாத்தின பில்லைக் காட்டச் சொல்லுங்க, இல்லைன்னா அந்தச் செலவை விலையில் குறைச்சுக் கேளுங்க. ஓடும்போது பெல்ட் அறுந்தா என்ஜினே போயிடும்.

மூணாவது, எல்லாரும் ஆசைப்படற ஃபோக்ஸ்வாகன் போலோ. 2022ல் இங்க விற்பனை முடிஞ்சுது. கெட்டியான பாடி, ஹைவேயில் ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். இதில் கடைசியா வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் என் கணக்குக்கு ஒத்து வருது. பழைய ஜிடி டிஎஸ்ஐ ஓட்ட அருமையான கார், மறுக்கல. ஆனா அதில் இருக்கிறது 7 கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி. மெக்கட்ரானிக் யூனிட், டபுள் கிளட்ச் ரெண்டுமே மாத்த வேண்டி வந்தா மேலே சொன்ன 2.56 லட்சம் எங்கேன்னு தேடணும். வாரண்டி முடிஞ்ச டிஎஸ்ஜி காரை முதல் கார் வாங்கற சம்பளக்காரருக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ரெண்டாவது காரா, தனியா பணம் ஒதுக்கி வாங்கறவர் தாராளமா வாங்கட்டும்.

ஃபியட் புன்டோ பத்தியும் கேட்பீங்க. ஹைட்ராலிக் ஸ்டீயரிங், அந்த ஃபீலுக்கு இன்னைக்கும் ரசிகர்கள் இருக்காங்க. 1.3 மல்டிஜெட் டீசல் என்ஜின் ஸ்விஃப்ட் டீசலிலும் இருந்ததுதான், அதனால என்ஜின் வேலை தெரிஞ்சவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க. மத்த ஸ்பேருக்கு அலையத் தயாரா இருக்கிற ஆளுக்குத்தான் அது.

அந்த மாசம் 3,000 எங்கே போகுது?

வீடியோவில் இதைச் சொன்னப்போ "என் மாமா வருஷம் 8,000 ரூபாயில் முடிச்சுடறார்"னு ஒருத்தர் சொன்னார். மாமா முடிச்சிருப்பார். சில வருஷம் 8,000தான் ஆகும். பிரச்சினையே அதுதான். சம்பளம் மாசா மாசம் சமமா வருது, கார் செலவு அப்படி வராது. மூணு வருஷம் சும்மா இருந்துட்டு, திடீர்னு ஒரே மாசத்தில் 45,000 கேட்கும். அந்த மாசம்தான் கிரெடிட் கார்டு வெளியே வரும், 12 மாச இஎம்ஐயா மாறும். அப்புறம் "பழைய கார் வாங்கினதே தப்பு"ன்னு புலம்பல்.

4 வருஷத்துக்கு நான் ஒதுக்கறது இப்படி. வருஷ சர்வீஸ் 10,000 வீதம் 40,000. நாலு டயர் 22,000. பேட்டரி 5,500. கிளட்ச் செட் கூலியோட 14,000. ஷாக் அப்சார்பர், புஷ், லோயர் ஆர்ம்னு சஸ்பென்ஷன் வேலை 22,000. பிரேக் பேட், டிஸ்க் 9,000. ஏசி 12,000. வைப்பர், பல்பு, பெல்ட், அலைன்மென்ட்னு உதிரிச் செலவு 15,000. கூட்டினா 1,39,500. 48ஆல் வகுத்தா 2,906. இது சென்னையில் வெளி ஷெட் ரேட்டை மனசுல வெச்சு, பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்குப் போட்டது. டீசலுக்கும் டர்போவுக்கும் மாசம் 1,000 சேர்த்துக்கோங்க.

ஜாலியா ஓட்டறதுக்கும் ஒரு விலை இருக்கு, அதையும் ஒத்துக்கணும். டயர், பிரேக், கிளட்ச் மூணும் உங்க காலைப் பொறுத்தது. மலை இறங்கும்போது பிரேக்கையே நம்பாம ரெண்டாவது கியரில் இறங்கினா பேடும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

இந்த 3,000ஐ தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல, சம்பளம் வந்த மறுநாளே ஆட்டோ டெபிட் போட்டுடுங்க. மியூச்சுவல் ஃபண்டு வேண்டாம், இது எப்போ வேணா தேவைப்படற பணம். எமர்ஜென்சி ஃபண்டோட கலக்கவும் வேண்டாம். வேலை போன மாசம்தான் கிளட்சும் போகும், அப்படித்தான் நடக்குது.

முதல் மாசச் செலவு 35,000னு போட்டேனே, அது எதுக்கு? வித்தவர் என்ன சொன்னாலும், என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் மாத்திடுங்க. அன்னைக்கு ஓடோமீட்டர் எவ்வளவுன்னு ஒரு நோட்டில் எழுதுங்க. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். மலை ஏறி இறங்கற ஆள் இதில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. டயர் பட்டன் நல்லா இருந்தாலும் வயசைப் பாருங்க. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் தயாரானது. 6 வருஷம் தாண்டின டயரோட 100ல் போக வேண்டாம். இன்னொண்ணு, இப்போ பங்கில் வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த பெரும்பாலான கார்கள் அதை மனசுல வெச்சு செய்தவை இல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் ரப்பர் ஹோஸ்களை சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பார்க்கச் சொல்லுங்க.

கார் பார்க்கப் போகும்போது நம்பிக்கையான மெக்கானிக்குக்கு 1,500, 2,000 கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. 4 லட்ச முடிவுக்கு அது அரை சதவீதம். ஓபிடி ஸ்கேனர் வெச்சிருக்கிறவர்னா இன்னும் நல்லது. நீங்களே பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு: தண்ணியில் மூழ்கின காரா? 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் புயல், ரெண்டு தடவையும் சென்னையில் எத்தனை கார் தண்ணியில் நின்னதுன்னு பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. அடியில் சேற்றுக் கறை இருந்தா திரும்பி வந்துடுங்க. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மக்கின வாசனை இருந்தாலும் அதேதான். வேற ஊர் நம்பர் பிளேட்னு அசந்துடாதீங்க, மூழ்கின கார் வேற ஊருக்குப் போய்த்தான் விலை போகும்.

பேப்பர் வேலை

இது என் ஏரியா, கொஞ்சம் பொறுமையா படிங்க.

எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டா எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எது வரை, லோன் ஹைப்பாதிகேஷன் இருக்கா எல்லாம் தெரியும். இ-சலான் பாக்கியையும் தனியா பாருங்க. ஹைப்பாதிகேஷன் இருந்தா வங்கி என்ஓசியும் படிவம் 35ம் கையில் வராம முழுப் பணம் கொடுக்காதீங்க. "லோன் முடிஞ்சுடுச்சு, லெட்டர் அப்புறம் வாங்கித் தர்றேன்" என்றால், பணமும் அப்புறம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்டிஓவில் விண்ணப்பிக்கணும். கையெழுத்துப் போட்ட படிவத்தை டேஷ்போர்டில் போட்டுட்டு ஒரு வருஷம் ஓட்டறவங்க இருக்காங்க. விபத்து நடந்தா பழைய ஓனரும் நீங்களும் சேர்ந்து கோர்ட் படி ஏறணும்.

இன்ஷூரன்ஸ்ல பலருக்குத் தெரியாத விஷயம், நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தம் இல்ல, ஆளுக்குச் சொந்தம். வித்தவருக்கு 50 சதவீதம் இருந்தா அதை அவர் எடுத்துட்டுப் போயிடுவார். நீங்க பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கணும், பாலிசியை உங்க பேருக்கு மாத்தும்போது மீதிக் காலத்துக்கான போனஸ் தள்ளுபடியைத் திருப்பிக் கட்டச் சொல்வாங்க. 14 நாளுக்குள்ள கம்பெனிக்குத் தெரிவிச்சு மாத்திக்கோங்க. தேர்ட் பார்ட்டி கவர் தானா உங்களுக்கு மாறிடும், ஆனா உங்க சொந்த கார் சேதத்துக்கு அப்படி இல்ல.

"ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு சார்"ங்கற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் 5 முதல் 10 வருஷ காரின் உலோக பாகத்துக்கு 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகத்துக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பாங்க. 10,000 ரூபாய் பம்பர் உடைஞ்சா 5,000 உங்க பாக்கெட்லேர்ந்து. ஜீரோ டெப் பல கம்பெனிகள் 5 வருஷத்துக்கு மேல தர்றதில்ல, சில இடத்தில் 7 வரை கிடைக்கும். கேட்டுப் பாருங்க. அலாய் வீல், ரீமேப் மாதிரி மாடிஃபிகேஷன் இருந்தா கம்பெனிக்குச் சொல்லாம வெச்சிருக்காதீங்க, க்ளெய்ம் அன்னைக்குத்தான் சர்வேயர் கண்ணில் படும்.

அப்புறம் ஜிஎஸ்டி. 2025 ஜனவரி 16லிருந்து பழைய காருக்கு 18 சதவீதம்னு செய்தி வந்ததும் பயந்துட்டாங்க பலர். அது ஜிஎஸ்டி பதிவு பெற்ற டீலர், தன் லாப மார்ஜினில் கட்டற வரி. 3.75 லட்சத்துக்கு வாங்கி 4.25க்கு விற்றால் 50,000 ரூபாய்க்குத்தான் வரி, 4.25 லட்சத்துக்கு இல்ல. ஒரு தனிநபரிடமிருந்து நீங்க நேரா வாங்கினா ஜிஎஸ்டியே கிடையாது. பேரத்துக்கு உதவறது வேற ஒரு மாற்றம். 2025 செப்டம்பர் 22லிருந்து 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருக்கிற புது கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆச்சு. புதுசே இறங்கின பிறகு, பழைய ஆன்ரோடு விலையைக் காட்டி "ரெண்டு வருஷத்தில் இவ்வளவுதான் குறைஞ்சிருக்கு"ன்னு கேட்கிற விலைக்கு அர்த்தம் இல்ல. இன்னைக்கு ஷோரூம் கொட்டேஷன் ஒண்ணை போனில் வெச்சுக்கிட்டு பேரத்துக்குப் போங்க.

வருமான வரியில் சலுகை எதுவும் எதிர்பார்க்காதீங்க. சம்பளக்காரருக்கு சொந்த உபயோக கார் லோன் வட்டிக்கோ தேய்மானத்துக்கோ கழிவு கிடையாது. விற்கும்போது லாபம் வந்தாலும் வரி இல்ல, நஷ்டத்தையும் எதிலும் ஈடுகட்ட முடியாது. சொந்த உபயோகப் பொருளா கருதப்படறதுதான் காரணம்.

உங்க சம்பளத்துக்கு எது?

மேலே வந்த தொகைகளோட பெட்ரோல் சேர்த்துக்கோங்க. மாசம் 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 16னு வெச்சா 50 லிட்டர், சுமார் 5,000 ரூபாய். என் வரம்பு, கார் சம்பந்தமான எல்லாமும் சேர்ந்து கைக்கு வர்ற சம்பளத்தில் 20 சதவீதம். வாடகையும் வீட்டுக்கு அனுப்பற பணமும் இருக்கிறவங்களுக்கு அதுவே அதிகம்.

அப்படிப் பார்த்தா அந்த 9.5 லட்ச புது காருக்கு, மாசம் 20,470 ஆகுது, கைக்கு ஒரு லட்சத்துக்கு மேல வரணும். 4.25 லட்ச பழைய காருக்கு 15,133, சம்பளம் 75,000 சுமாருக்கு இருக்கணும். 60,000 வாங்கறவருக்கு இந்தப் பழைய கார்கூட 25 சதவீதம் தின்னுடும். இதைச் சொன்னா சிலருக்குக் கோபம் வருது, புரியுது. அவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. 2.5 லட்சத்தில் 2013, 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல், லோன் இல்லாம. முதல் வேலைக்கு 40,000. 4 வருஷம் கழிச்சு 1.5 லட்சத்துக்குப் போகும்னு வெச்சா மதிப்புக் குறைவு 2,083, முதல் வேலை 833, இன்ஷூரன்ஸ் 600, மெயின்டனன்ஸ் 3,500, விட்டுப் போன எஃப்டி வட்டி 758, பெட்ரோல் 5,000. மொத்தம் 12,774. இது 64,000 சம்பளத்துக்கு வரம்புக்குள்ள வருது. ஆறு மாசம் தள்ளிப் போட்டா அடுத்த இன்க்ரிமென்ட் வந்துடும், அதுக்குள்ள 40,000 ரூபாயும் சேர்ந்துடும். ஆனா ஒண்ணு, இந்த வயசு கார்களுக்கு 15 வருஷம் முடியும்போது ஆர்சி புதுப்பிக்கணும், எஃப்சி பார்க்கணும், கட்டணமும் கூட. விற்கிறதா இருந்தா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வித்துடுங்க. 14ஆவது வருஷத்தில் இருக்கிற காரை வாங்க வர்றவர் அந்தச் செலவைக் குறைச்சுத்தான் விலை கேட்பார்.

விற்கிற அன்னைக்கு ஃபாஸ்டேக்கை மூடிட்டு, படிவம் 29, 30 ஜெராக்ஸ், வாங்கறவர் ஆதார் நகல், தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட் மூணையும் எடுத்து வெச்சுக்கோங்க. பெயர் மாறிடுச்சான்னு ஒரு மாசம் கழிச்சு ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்க.

இந்தக் கணக்கு முழுக்க இருக்கிற ஷீட் லிங்க் வீடியோ டிஸ்கிரிப்ஷனில் இருக்கு. மஞ்சள் கட்டங்களில் உங்க எண்ணைப் போட்டா போதும்.